கல் தேய்க்காத விளிம்பு

கண்ணாடி முடிகிற இடத்தில் அந்தக் கை நிற்கிறது, நாலு வயதுக் கை, மணிக்கட்டில் கறுப்பு வளையல், ஐந்து விரலும் எதையோ பற்றியிருக்கிற மாதிரி வளைந்திருக்கின்றன, எதைப் பற்றியிருக்கிறது என்று பார்த்தால் ஒன்றும் கிடையாது, விரல்நுனியோடு படம் தீர்ந்துவிடுகிறது, அதற்கப்புறம் தேக்குச் சட்டம், சட்டத்துக்கு அப்புறம் பூரணத்தின் வீட்டுச் சுவர், பதினெட்டு வருஷமாகச் சண்முகக்கனி அந்தச் சுவருக்கு முன்னால் விருந்தாளி மாதிரி நின்று பார்த்துவிட்டுத் திரும்பிய படம் இன்றைக்குச் சட்டம் கழன்று வெறும் கண்ணாடியாக அவளுடைய கடை மேஜையில், சாக்கு விரிப்பின் மேல் மல்லாந்து கிடக்கிறது. மேஜைக்கு அந்தப் பக்கம் பூரணம், இவள் புருஷனுக்கு அக்கா, இவளுக்கு மதினி, பட்டுச்சேலையும் கழுத்து நிறைய நகையுமாக நிற்கிறாள், வாசலில் வாடகைக் கார் உறுமிக்கொண்டிருக்கிறது, மகன் ரத்தினகுமாருக்கு வருகிற மாதம் கல்யாணம், முதல் பத்திரிகையைத் திருச்செந்தூரில் வைக்கப் போகிற வழியில் கோவில்பட்டி பஜாரில் இந்த பிரேம் கடையில் இறங்கியிருக்கிறாள், இறங்கின கையோடு விஷயத்தையும் சொல்லிவிட்டாள், ஏட்டி கனி, இதுல நானும் எம்மவனும் மட்டும் இருக்க மாதிரி வெட்டிக் குடு, கல்யாண வீட்டுல செத்த பிள்ளை படம் தொங்கப்படாதுன்னு ஜோசியரு கண்டிசனாச் சொல்லிட்டாரு, என்று. செத்த பிள்ளை. அது யார் பெற்ற பிள்ளை என்று அவளுக்கு மறந்துவிட்டதோ என்றால் அதெல்லாம் இல்லை, நன்றாக ஞாபகம் இருக்கிறது, பெத்தவ கையாலயே பிரிச்சு விட்டாத்தான் தோஷம் ஒட்டாது என்றும் அதே ஜோசியர் சொல்லியிருக்கிறார், அதனால்தான் பஜாரில் இன்னும் மூன்று கடை இருக்க இங்கே வந்திருக்கிறாள்.

செவந்தி என்று பெயர் அந்தப் பிள்ளைக்கு. சண்முகக்கனி துணியால் கண்ணாடியின் மேலிருந்த தூசியைத் துடைக்கிறாள், துடைக்கத் துடைக்கப் பூரணத்தின் வீட்டு முற்றம் உள்ளிருந்து மேலே வருகிறது, பந்தல், வாழைமரம், ஐந்து வயது ரத்தினகுமாருக்குக் காதுகுத்து, மொட்டைத்தலையில் சந்தனத்தோடு பூரணத்தின் மடியில் உட்கார்ந்து அழுது முடித்திருக்கிறான், தூத்துக்குடியிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு எல்லோரையும் அதட்டுகிறார், இவள் அடுப்படியிலிருந்து செவந்தியைத் தேடிக்கொண்டு ஓடிவருகிறாள், வந்தவளைப் பூரணம் ஏற இறங்கப் பார்க்கிறாள், நீ எங்கட்டி வாற, கரியும் வேர்வையுமா, படத்துல நிக்க மூஞ்சியைப் பாரு, பிள்ளைய மட்டும் விடு, என்கிறாள், விட்டால் பிள்ளை நிற்க மாட்டேன் என்கிறது, அத்தை பக்கத்தில் நிற்கப் பயம் அதற்கு, சரி, நீ ஓரமா குத்தவச்சு அவ கையைப் பிடிச்சுக்க, படத்துல விழுந்துராத, என்று பெரிய மனசு பண்ணுகிறாள் பூரணம், தன் இடது கையை, வளையலும் கல்மோதிரமும் நன்றாகத் தெரிகிற மாதிரி, செவந்தியின் தோளில் கழுத்தோரமாக வைத்துக்கொள்கிறாள், இவள் குத்தவைத்துப் பிள்ளையின் மற்றக் கையைப் பிடிக்கிறாள், பிடித்ததும் திடுக்கென்றது, கை அடுப்பில் கிடந்த கரண்டி மாதிரி காந்துகிறது. மதினி, பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கு மதினி, டாக்டருட்ட காட்டணும். அங்க சாம்பாரு அடிப்பிடிக்கு, முதல்ல போய் அதைக் கிண்டு, பந்தி முடியட்டும், லேசாக் காஞ்சா செத்தா போயிருவா. கேமரா கிளிக்கென்கிறது. இவள் கையை விட்டாள். அம்மா என்று ஒரு சத்தம் கேட்டது, திரும்பிப் பார்த்தாள், ஆனாலும் போனாள், அடுப்படிக்குத்தான் போனாள், நூற்றைம்பது பேருக்குச் சாம்பார், சாயங்காலம் கடைசிப் பந்தி எழுந்திருக்கும்போது பிள்ளை பாயில் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது, மூளைக்கு ஏறிவிட்டது, நேரத்தோடு கொண்டுவந்திருக்கக் கூடாதா என்று பெரிய டாக்டர் கேட்டார், மூன்றாம் நாள் முடிந்துபோனது. விட்டுட்டுப் போனது நான்தானே, யாரைச் சொல்லி என்ன, என்று அவள் தன்னைத்தானே வைத வசவுக்குக் கணக்கில்லை, மதினியை வைய வேண்டியதையும் சேர்த்துத் தன்னையே வைதுகொண்டாள், அதுதான் அவளுடைய பழக்கம்.

தூத்துக்குடிக்காரர் படத்தைக் கழுவி அனுப்பியபோது காரியமெல்லாம் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது, பிலிம் வெளிச்சம் பட்டுக் கெட்டு அந்த ஒரே ஒரு படம்தான் தேறியதாம், அக்கா வீட்டு விசேஷத்துப் படம் என்று அவள் புருஷன் தவசிலிங்கம் அன்றைக்கே உட்கார்ந்து பிரேம் போட்டார், அவருடைய தொழில் தனித் தினுசு, மற்றவர்கள் படத்துக்குத் தக்கபடி கண்ணாடியை வெட்டுவார்கள், இவர் கிடக்கிற கண்ணாடித் துண்டுக்குத் தக்கபடி படத்தை வெட்டுவார், முழுக் கண்ணாடியில் கை வைக்க மனசு வராது, ஒரு அங்குலம் குறைவாக ஒரு துண்டு கிடந்தது, படத்தில் வலது ஓரத்தை ஒரு அங்குலம் நறுக்கிவிட்டார், அங்கே என்ன இருந்தது என்று பார்த்தாரா, பார்த்திருப்பார், வெறும் கைதானே என்று நினைத்திருப்பார். மறுநாள் காலையில் கடையைக் கூட்டினாள், மரத்தூளுக்கும் அட்டைக்கும் நடுவில் ஒரு காகித நறுக்கு, அதில் நாலு கண்ணாடி வளையல் போட்ட மணிக்கட்டு, எதையோ பிடித்த ஒரு பெரிய கையின் பாதி, எவளோ ஒருத்தி என்று நினைத்து வாரித் தெருக்குப்பையில் கொட்டினாள், பூரணத்தின் வீட்டில் மாட்டின பிறகு முதல் தடவையாகப் படத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்த வளையல் நான் போட்டிருந்ததல்லவா, அடி பாவி, உன் கையை நீயே கூட்டிப் பெருக்கிக் கொட்டியிருக்கிறாயே.

வேறு படம் இல்லை பிள்ளைக்கு, கெட்ட பிலிம் என்று தூத்துக்குடிக்காரர் அதையும் தூக்கிப்போட்டிருந்தார், அதற்கப்புறம் பிள்ளையும் இல்லை. ஒரு நாள் தாங்க மதினி, ஸ்டுடியோவுல காப்பி எடுத்துட்டுக் குடுத்துருதேன், என்று பொங்கலுக்குக் கேட்டாள், தீபாவளிக்குக் கேட்டாள், சுவத்துல இருக்கிறதை எதுக்கு இறக்கணும் என்று ஒரு வருஷம், ஆணி ஆடுது என்று ஒரு வருஷம், ஓயாம அதையே கேட்டா நீ வராதே என்று ஒரு வருஷம், ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் அந்தச் சுவர் ஓதமேறிப் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டே வந்தது, இன்றைக்கு ஆணியைப் பிடுங்கிப் பின் அட்டையை எடுத்துப் பார்த்தால் காகிதமும் கண்ணாடியும் ஒரே உடம்பாகிவிட்டன, ஒரு மூலையை நகத்தால் கிளப்பினாள், பந்தலின் ஓலை கண்ணாடியிலேயே நின்றுகொண்டு வெறும் வெள்ளைத்தாள்தான் உரிந்து வந்தது, முகத்தின் பக்கம் உரித்தால் முகமும் அப்படித்தான் போகும். ஆக, படத்தை வெட்ட வேண்டுமென்றால் கண்ணாடியோடு சேர்த்துத்தான் வெட்ட வேண்டும். இதே மேஜையில் எத்தனை ஆயிரம் கண்ணாடி வெட்டியிருப்பாள், சாமி படம், கல்யாணப் படம், மாலை போட்டு விளக்கெரிக்கிற படம், எல்லாமே பன்னிரண்டு வருஷமாக அவள் கைதான், தவசிலிங்கத்துக்குக் கட்டைவிரல் மடங்காது, அவரும் லாரிக்காரரும் ஒரு கண்ணாடியின் இரண்டு ஓரத்தைப் பிடித்திருந்தபோது இவர் இந்தப் பக்கம் இழுக்க, அந்த மனுஷன் விடாமல் நிற்க, கூர் மழுங்கக் கல் தேய்க்காத விளிம்பு நரம்பு வரைக்கும் இறங்கிவிட்டது, அதிலிருந்து வைரம் இவள் கைக்கு வந்தது, வைரம் என்பது கண்ணாடி வெட்டுகிற கட்டருக்கு அவர் வைத்திருக்கிற மரியாதைப் பெயர், இரண்டே இரண்டு சொன்னார் அவர் அன்றைக்கு, போட்ட கோட்டு மேல ரெண்டாந்தடவை கோடு போடாத, கல்லு தேய்க்காம யாரு கையிலயும் குடுக்காத. வெட்டின விளிம்பு பார்வைக்குப் பச்சையாக, பனி மாதிரி அழகாக இருக்கும், சும்மா பிடித்தால் ஒன்றும் செய்யாது, இழுத்தால்தான்.

ஸ்டுடியோ ரெண்டு கடை தள்ளித்தான் இருக்கு மதினி, கண்ணாடியோடவே ஒரு காப்பி எடுத்துட்டு வந்துருதேன், அஞ்சு நிமிசம், என்றாள். செத்ததுக்குக் காப்பி வேற எடுக்கணுமா, நல்ல கூத்து, பத்தரைக்கு ராகு காலம் பிறக்கு, அதுக்குள்ள நான் கார்ல ஏறணும், என்றாள் பூரணம். தவசிலிங்கம் ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் தொங்குகிற முருகனைப் புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். சரி மதினி, வெட்டுதேன், வெட்டின துண்டை எனக்குக் குடுத்துருங்க, என்றாள் இவள், கேட்கும்போது வெட்கமாக இருந்தது, தன் பிள்ளையைப் பிச்சை கேட்பதற்கு ஒரு வெட்கம் உண்டு. அந்தத் துண்டு எனக்கு என்னத்துக்குட்டி, என்றாள் பூரணம். அவ்வளவுதான், அந்த ஒரு சொல்லில் சண்முகக்கனிக்கு உள்ளே எல்லாம் பூத்துவிட்டது, பதினெட்டு வருஷம் கழித்து வீட்டுக்கு வருகிறாள் என் மகள், எங்கே மாட்டலாம், அடுப்படியில் வேண்டாம், புகை, கட்டிலுக்கு எதிரே மாட்டலாம், விழித்ததும் தெரிகிற மாதிரி, என்று மனசு வீட்டுக்குள் ஆணி தேடத் தொடங்கிவிட்டது, கை பாட்டுக்குக் கோடு போடுகிற மரச்சட்டத்தை எடுத்து, செவந்தியின் தோளுக்கு இந்தப் பக்கம், பூரணத்தின் மணிக்கட்டின் குறுக்கே வாகாக வைத்தது, பிள்ளை முழுசாக வந்துவிடும், தோளில் மதினியின் வெட்டுப்பட்ட கை ஒட்டிக்கொண்டு வரும், வந்தால் வரட்டும்.

ஏட்டி ஏட்டி, எங்க வைக்க, என்று பூரணம் சட்டத்தைத் தட்டினாள். என் கையை வெட்டப் பாக்கியா, கல்யாண வீட்டுல முண்டக்கையா நிக்கணுமா நான், மோதிரம் அவரு போட்டது, முழுசா வேணும், இங்கன போடு, என்று நகத்தால் கண்ணாடியில் கிழித்துக் காட்டினாள், அவள் விரல்நுனியைத் தாண்டி, அதாவது செவந்தியின் கழுத்தை ஒட்டி, தோளும் காதும் கன்னத்தில் ஒரு ஓரமும் அந்தப் பக்கம் போகிற மாதிரி. அது பிள்ளை மேல போகுது மதினி. போனா என்ன, வலிக்கவா போகுது. என்னங்க, நீங்களாவது சொல்லுங்க, என்று புருஷனைப் பார்த்தாள், அவர் எழுந்து வந்தார், வந்தவர் மடங்காத விரலோடு சட்டத்தின் நுனியைப் பிடித்து அக்கா சொன்ன இடத்துக்கு நகர்த்தி வைத்தார், அக்கா சொல்றபடி செய்யி, நேரமாகுது. முடியாது என்று சொல்லியிருக்கலாம், சொன்னால் பூரணம் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போவாள், தோஷத்துக்கு அங்கே ஒரு பரிகாரம் சொல்லிக்கொள்வாள், பழைய கண்ணாடி இறுகிக் கிடக்கும், தெரியாத கை பட்டால் குறுக்கே ஓடிப் பிள்ளையின் முகம் சில்லுச் சில்லாகும், இவள் கணக்குப் போட்டாள், தாய் போடுகிற கணக்கா அது, தோள் போகிறது, ஒரு காது போகிறது, இரண்டு கண்ணும் இருக்கிறது, மூக்கு இருக்கிறது, வாய் இருக்கிறது, நீட்டின கை இருக்கிறது, போதும், இது போதும் எனக்கு. வைரத்தை மண்ணெண்ணெயில் தொட்டாள், மூச்சைப் பிடித்துக்கொண்டாள், மேலேயிருந்து ஒரே இழுப்பு, கிர்ரென்று அந்தச் சத்தம் ஒரே சீராக இறங்குகிறது, பந்தலைத் தாண்டுகிறது, செவந்தியின் உச்சியை, நெற்றியோரத்தை, காதுக்கு இந்தப் பக்கம், கழுத்தை, பாவாடையை, கை நடுங்கவில்லை, நடுங்கியிருந்தால்கூடத் தேவலை என்று பிறகு நினைத்தாள், பிள்ளையின் கழுத்தோரம் போகும்போது நடுங்காத கை என்ன கை, கண்ணாடியை மேஜை விளிம்புக்கு நகர்த்தி அடியில் இரண்டு தட்டு, ஒரு அழுத்து, டிக். நூல் பிடித்த மாதிரி பிரிந்தது. பின்னால் காகிதம் மட்டும் தொக்கி நின்றது, பிளேடால் அதையும் அறுத்தாள். கனி கை கனி கைதான், என்று தவசிலிங்கம் மெச்சினார், அடப் பாவி மனுஷா.

இது என்னட்டி, என்றாள் பூரணம், தன் பக்கத்துப் பெரிய துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டு, என் கைக்கு மேல காது ஒண்ணு தொங்குது. தொங்கத்தான் செய்தது, நுனிவிரல்களுக்கு மேலே, கல் வைத்த சின்னக் கம்மலோடு, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன மாதிரி ஒரு காது, அதன் கீழே பாவாடைச் சட்டையின் தோள். வச்சுக்கிடப்படாது, சுரண்டி எடு. இவளுக்கு முதலில் காதிலேயே விழவில்லை, என்னத்தை மதினி. அந்தக் காதையும் தோளையுந்தான், என் கை மேல படாமச் சுரண்டு. கண்ணாடியைக் குப்புறப் போட்டாள், பிளேடை எடுத்தாள், பின்பக்கத்துத் தாள் முதலில் தூளாக வந்தது, அதற்கடியில் காது, அந்தக் காதில்தான் நல்லெண்ணெய் விடுவாள், விட்டால் கூசுகிறது என்று தலையை இவள் மடியில் புதைத்துக்கொண்டு சிரிக்கும், சிரித்துச் சிரித்து எண்ணெயெல்லாம் சேலையில் வழியும், கூசுதும்மா கூசுதும்மா, பிளேடு முனையால் மெல்லச் சுரண்டுகிறாள், வலித்துவிடுமோ என்கிற மாதிரி, கறுப்புத் தூள் நகக்கண்ணில் ஏறுகிறது, கூசுதா தங்கம், இந்தா முடிஞ்சுட்டு, இந்தா முடிஞ்சுட்டு, அவள் வாய்விட்டே சொல்லியிருக்க வேண்டும், என்னட்டி முனங்குத என்று பூரணம் கேட்டாள். கண்ணாடி அந்த இடத்தில் பளிச்சென்று ஓட்டையானது, அதன் வழியாக மேஜையின் சாக்கு தெரிந்தது. பின்னால் ஒரு கறுப்புத் தாளை ஒட்டினார் தவசிலிங்கம், பூரணம் தூர நிறுத்தி ஒரு பார்வை பார்த்தாள், இப்போது அவள் கை ஒன்றுமில்லாத இருட்டின் மேல் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. இது நல்லாருக்கு, என்றாள்.

அப்புறம் காருக்குப் போக வேண்டியதுதானே, போகவில்லை. அந்தத் துண்டையும் குடு, என்றாள். எந்தத் துண்டு. அதான் அந்தப் பிள்ளைத் துண்டு, திருச்செந்தூர்ல கடல்ல போடணும், பிரிச்சதை அன்னைக்கே கரைச்சிரணும்னு ஜோசியரு சொல்லியிருக்காரு, வீட்டுல எங்கயும் இருக்கப்படாது. எனக்குத் தாரேன்னு சொன்னீங்களே மதினி. எனக்கு எதுக்குன்னுதானே சொன்னேன், உனக்குத் தாரேன்னா சொன்னேன். சண்முகக்கனி புருஷனைப் பார்த்தாள், அவர் கால் பெருவிரலைப் பார்த்தார், அக்கா நேத்தே சொல்லிட்டாக, நாந்தான் வெட்டி முடியட்டும்னு இருந்தேன், முதல்லயே சொன்னா நீ வெட்டியிருக்க மாட்ட, என்று தரையோடு பேசினார். வாசலில் கார் ஆரன் அடிக்கிறது. அங்கே சாம்பார் அடிப்பிடிக்கிறது. கேமராக்காரர், அசையாதீங்க, அசையாதீங்க என்கிறார். சண்முகக்கனி அந்தத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டாள், உள்ளங்கை அகலம், ஒரு முழ நீளம், ஒரு பக்கம் இப்போது வெட்டின விளிம்பு, மற்றப் பக்கம் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் புருஷன் வெட்டின விளிம்பு, அதற்கும் கல் தேய்த்திருக்கவில்லை, சட்டத்துக்குள் ஒளிந்துகொள்கிற விளிம்புக்கு அவராவது கல் செலவழிப்பதாவது. தேய்க்கிற கல் மேஜையில் அவள் முழங்கைக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. அதைப் பார்த்தாள். எடுக்கவில்லை. பிள்ளையின் கை நீண்டு முடிகிற ஓரத்தை, ஒரு அங்குலம் நறுக்கிப்போன இடத்தை, தன் வலது கையால் பிடித்துக்கொண்டு, காதறுந்த ஓரத்தைப் பூரணத்தின் பக்கம் நீட்டினாள், இந்தாங்க மதினி, பிடிங்க.

பூரணம் பிடித்தாள், பிடியென்றால் மனுஷி எதையும் விட்டுக்கொடுக்காத பிடி, மோதிரம் போட்ட அதே கை, நாலு விரலும் விளிம்பைச் சுற்றி உள்ளே மடங்கியது. இவள் விடவில்லை. விடுட்டி, என்றாள். தவசிலிங்கத்துக்குத்தான் முதலில் புரிந்தது, அந்தக் கட்டைவிரலுக்குப் புரிந்திருக்கும், கனி, கல்லு தேய்ச்சியா, கல்லு தேய்ச்சியாட்டி, அக்கா இழுக்காதீக அக்கா, என்று ஸ்டூலைத் தள்ளிவிட்டு ஓடிவந்தார், அவர் வருவதற்கு மேஜையைச் சுற்ற வேண்டியிருந்தது, பூரணத்துக்கோ இழுத்துத்தான் பழக்கம், பிறந்தது முதல் இழுத்தது எல்லாம் கையோடு வந்திருக்கிறது, இழுத்தாள். சத்தமே இல்லை. முதலில் பூரணத்தின் முகத்தில் ஒரு ஆச்சரியம்தான் வந்தது, அப்புறம் கையை விரித்துப் பார்த்தாள், நாலு விரலும் உள்பக்கம் வாய் திறந்திருந்தன, மோதிரத்துக்கு மேலே வெள்ளையாக எலும்பு தெரிந்தது, அதற்கப்புறம்தான் ரத்தம், பட்டுச்சேலையில், மஞ்சள் தடவின பத்திரிகைக் கட்டில், முழுசாக வேண்டும் என்று கேட்டு வாங்கின படத்தில், எங்கும் ரத்தம், ஐயோ ஐயோ என்று அவள் கூவின கூவலில் பஜாரே கூடிவிட்டது. செய்தது பாவம் என்று சண்முகக்கனிக்குத் தெரிந்தது, தெரிந்தும் மனசு நிறைந்தது, அதற்கு அவள் என்ன செய்வாள். தவசிலிங்கம் தோளில் கிடந்த துண்டை எடுத்து அக்காவின் கையைச் சுற்றினார், கூடவே இவளையும் பார்த்து, உன் கையைப் பாருட்டி, நீயாவது அதைக் கீழ போடு, போட்டுத் தொலை, என்று கத்தினார். குனிந்து பார்த்தாள். பழைய விளிம்பு அவள் உள்ளங்கையிலும் ஆழமாக இறங்கித்தான் இருந்தது, ரத்தம் கண்ணாடியில் வழிந்து சின்ன விரல்களின் மேல் போகிறது, கண்ணாடி முடிகிற இடத்தில் பிள்ளையின் கை, அதற்கு அப்புறம் சட்டம் இல்லை, சுவர் இல்லை, அம்மாவின் கைதான் இருக்கிறது, காந்துகிறது, அன்றைக்குக் காந்தினது போலவே காந்துகிறது, யார் யாரோ கூப்பிடுகிறார்கள், விடு, விடு என்கிறார்கள், அவள் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.